வாப்பாவின் இடுப்பில் அலுமாரித் திறப்பு

திருகோணமலை
20.9.1981

அன்புள்ள மகன் ஜவாஹிருக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இங்கே ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்தக் குவைத் வெயிலில் கருகிப் போகாமல் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

உன் வாப்பாவின் வயிறு இப்போது அவருக்கு முன்னாலேயே பள்ளிவாசலுக்குப் போய்ச் சேருகிறது. என் நானா, உன் ஸெய்னுதீன் மாமாவுக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, முற்றிக் காலை வெட்டி எடுத்த பிறகு, அடுத்தது இந்த மனுசன்தான் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நெய்ப்போத்தலையும் இனிப்புப் பாணிப்போத்தலையும் அலுமாரியில் பூட்டித் திறப்பை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இரத்தம் சோதிக்க வாருங்கள் என்றால், குத்துவதானால் இரண்டு பேருக்கும் குத்தட்டும் என்று சின்னப்பிள்ளை போல அடம். சரி, இவருக்குத் துணையாக நானும் கையை நீட்டுகிறேன் என்றேன். எனக்கென்ன, நான்தான் ஈர்க்குச்சி போல இருக்கிறேனே.

டொக்டர் கனகரத்தினம் வெறும் வயிற்றோடு காலையில் வரச் சொல்லியிருந்தார். அது நோன்பு மாதம், நோன்பாளியை விட வெறும் வயிறு யாருக்கு இருக்கிறது என்று நாங்கள் பெருமையோடு போனோம். இரண்டு பேரிடமும் எடுத்த இரத்தம் தெளிந்ததும் மேலே தேங்காய்ப்பால் போல வெள்ளையாக நின்றதாம். டொக்டர் கூப்பிட்டு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். பச்சைத் தண்ணீரும் படவில்லை என்று வாப்பா சத்தியம் பண்ணாத குறை. கிண்டிக் கேட்ட பிறகுதான் விடியுமுன் சஹருக்கு இறைச்சிப் பொரியலும் சோறும் எருமைத் தயிரும், நோன்பென்று நானே அலுமாரி திறந்து கொடுத்த பாணியும் எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளே போன கதை வெளியே வந்தது. டொக்டர் சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் வெட்கம். பெருநாள் முடிந்து, முதல் நாள் இரவிலிருந்தே ஒன்றும் தின்னாமல் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்படியே போனோம். வாப்பாவின் இரத்தம் தெளிவாக இருந்தது மகன், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு. என்னுடையதில்தான் அந்தத் தேங்காய்ப்பால் அப்படியே நின்றது. கொழும்புக்கும் அனுப்பிப் பார்த்தார்கள், அதே கதைதான். கொழுப்பு இரத்தத்தில் தனியே நீந்தாதாம், தோணியில் ஏறித்தான் போகுமாம். எனக்குக் கொண்டுவந்து இறக்கும் தோணி கூடவாம், ஏற்றிக்கொண்டு போகும் தோணி குறைவாம். "சீனி வருத்தம் இன்னும் வரேல்லை அம்மா. ஆனா இப்பிடி இருக்கிற ஆக்களுக்குத்தான் அது பிறகு வாறது கூட" என்றார். மெலிந்தவளுக்குமா என்று கேட்டேன். உங்கள் நானா என்ன தடியரா என்று திருப்பிக் கேட்டார். நானாவும் என்னைப் போல ஈர்க்குச்சிதான் மகன்.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா என் இடுப்பிலிருந்து திறப்பை உருவித் தன் சாரனில் முடிந்துகொண்டார். இப்போது என் கோப்பையில் அவர்தான் சோறு அளந்து போடுகிறார், கறிச் சட்டியில் எண்ணெய் மிதந்தால் குசினிக்கே வந்து சண்டை. நேற்று தேங்காய்ப்பாலில் கிண்டிய ஒரு துண்டு தொதலுக்காகத் திறப்பைக் கேட்டுக் கெஞ்சினேன். தரவில்லை. "வாற பெருநாளைக்கும் எனக்கு நீ வேணும் புள்ள" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனுசன் என்னிடம் இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. குசினிக்குள் போய் அழுதேன், வெங்காயம் உரித்ததாகச் சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது மகன், சிரித்துச் சிரித்து எழுதுகிறேனே தவிர.

ஸல்ஹா தங்கச்சி வாப்பாவின் பக்கம், தடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். நீ என் பக்கம். படம் அனுப்பியிருந்தாயே, ஒல்லியாக அழகாக இருக்கிறாய் என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு அதைப் பார்க்கத்தான் ஏலவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த கிழமையே அங்கே இரத்தம் கொடு. நோன்பாளியின் வெறும் வயிற்றோடு போய்விடாதே, எங்கள் மானம் இங்கே போனது போதும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் தெளிந்த இரத்தமும் தரட்டும். பதிலில் வேறு செய்தி, புதினம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, டொக்டர் சொன்னதை மட்டும் ஒளிக்காமல் எழுது.

உன்னை நினைத்தே இருக்கும் உம்மா,
மைமூனா அலியார்