மூன்றாவது பாட்டு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

என் பிரியமுள்ள தேவசகாயம் அண்ணனுக்கு,

நீங்கள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நீங்கள் உயிரோடு இருந்த கடைசி ஒன்பது வருடம் உங்களிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் இப்போது கடிதம் எழுதுகிறேன். அதுவும் நம் சபைப் பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி. வனத்துறை ஆபீசில் முப்பது வருடம் கோப்பு கட்டியவன் நான். எதையும் வரிசைப்படி சொன்னால்தான் எனக்குத் தப்பில்லாமல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இங்கத்திய சேதி. நம் தீவில், பாம்பூஃப்ளாட் கோயிலில் இப்போது வாலிபர்கள் கிடார் வாசிக்கிறார்கள். போன ஞாயிறு ஒருவர் பாங்கோ மேளமும் கொண்டுவந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, யார் முகம் சுளிக்கிறது என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வியாதி, அண்ணே.

அது எங்கள் இசைத்தட்டோடு வந்த வியாதி. நானும் ரூபியும் மெட்ராஸ் போய் நாலு பாட்டுப் பாடிப் பதிவு செய்து வந்தோமே, அப்போது. வார்த்தை என்னுடையது, மெட்டு அவளுடையது. கீர்த்தனைபோல இல்லாமல், கிடாரும் அக்கார்டியனும் வைத்து, புருஷனும் பெண்சாதியும் மாறி மாறிப் பாடுகிற இயேசு பாட்டு. தட்டுகள் கப்பலில் வந்திறங்கிய வாரமே, கோயிலில் சாட்சி சொல்ல எழுந்தேன். "இந்த நாலு மெட்டும் ஜெபத்துல கிடைச்சது. ஒண்ணுகூட வெளியிலேருந்து எடுத்ததில்ல" என்றேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. பக்கத்தில் ரூபி தலையைக் குனிந்து நின்றாள். பணிவு என்று நினைத்தேன்.

எல்லோரும் "அருமை" என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாம்பூஃப்ளாட்டில் நம் ஜனங்களில் ஐந்து வீட்டில்தான் ரெக்கார்டு பிளேயர் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டைக் கேட்கக் கொடுத்தபோது, உறைக்குள் தட்டின்மேல் ஒரு வெள்ளை நூலைப் படுக்க வைத்தேன். தட்டை வெளியே எடுத்தால் நூல் விழுந்துவிடும். நாலு வீட்டிலிருந்து நூல் வைத்தபடியே திரும்பி வந்தது. அதில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணுல தண்ணியே வந்துட்டு, பிரதர்" என்றார். இன்னொரு வீட்டம்மா நான் வாசலைத் தாண்டுமுன்பே, "கோயில் ஆளுங்க பாப் பாட்டா பாடுதாங்க!" என்று உள்ளே சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது.

போட்டு வந்து நிற்கும் ஜெட்டியில் டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய் மட்டும் காசு கொடுத்து ஒரு தட்டு வாங்கினார். "சார், உங்க பாட்டு இங்க பக்கா ஹிட்டு. பெங்காலிக்காரங்க 'அவுர் ஏக் பார்', இன்னொரு தடவைன்னு விடமாட்டேங்குறாங்க" என்றார். அதையும் சந்தேகப்பட்டேன். தமிழ் தெரியாதவர்களுக்கு இதில் என்ன பிடித்தது? ரசிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா?

ஐந்தாவது வீடு உங்களுடையது. நூலைக் காணவே காணோம். உறையின் முனை மடங்கியிருந்தது. மூன்றாவது பாட்டு இருக்கும் இடத்தில் தட்டு ஊசி பட்டு வெளுத்திருந்தது. நீங்கள் ஒருவர்தான் கேட்டிருந்தீர்கள், அண்ணே. கேட்டுவிட்டு "அருமை" என்று சொல்லாதவரும் நீங்கள் ஒருவர்தான். அக்கரையில் சாத்தமுக்குப் போகும் காலை போட்டில், "ரூபி குரல் சுத்தமா இருக்கு டே. உன் குரல்தான் கொஞ்சம் பயப்படுது" என்றீர்கள். பாடகர் குழுவை நடத்துகிறவர் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டும். நான் அன்றைக்கே டைரியில் எழுதி வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் போதகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. கையெழுத்தைக் காட்டாமல் அவரே வாசித்தார். 'மூன்றாவது பாட்டின் பல்லவி ஒரு சினிமாப் பாட்டின் மெட்டு. அதைக் கோயிலில் பாட வேண்டாம். இதை எழுதுகிறவர் சபைக்கு விரோதி அல்ல.'

"கமிட்டி பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பாடாம இருங்க, பிரதர். ஒரு புகார் வந்திருக்குன்னு மட்டும்தான் சபையில சொல்லியிருக்கேன். எந்தப் பாட்டுன்னு யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க" என்றார்.

ரூபியிடம்கூட எந்தப் பாட்டு என்று நான் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, உட்காராமலே சொன்னீர்கள்: "போதகர்கிட்ட நான் பேசுதேன். ஒரு பாட்டுக்காக நாலையும் நிறுத்துவாங்களா? அந்த மூணாவது பாட்ட விட்டுட்டு மத்தத பாடுங்க டே."

மூன்றாவது பாட்டு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இந்த ஒரு கேள்வியை அப்போதே கேட்டிருக்கலாம். "சரி அண்ணே" என்று அனுப்பிவிட்டு, உள்ளே போய் நீங்கள் சொன்னதை டைரியில் எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

அடுத்த நாளிலிருந்து முந்தின போட்டைப் பிடித்தேன். ஒருநாள் ஜெட்டியில் என்னை மறித்து, "ஏழரை போட்டு உனக்கு ஆகாமப் போச்சா டே?" என்று கேட்டீர்கள். "ஆபீசுல வேலை அண்ணே" என்றேன். ரூபிக்கும் அதே பதில்தான். போதகர் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனார். கமிட்டி எதையும் பேசி முடிக்கவில்லை. நாங்கள் அப்புறம் பாடவே இல்லை. ரூபி அடுப்படியில் முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டாள். அதற்கும் உங்களைத்தான் குற்றவாளியாக்கினேன். நீங்கள் யாரோடாவது சிரித்தால் எங்களைப் பற்றி என்று நினைத்தேன். கிறிஸ்மஸுக்கு அதிரசம் கொடுத்தனுப்பினால், மனசாட்சி உறுத்துகிறது என்று நினைத்தேன்.

நீங்கள் இறந்த அன்று ரூபி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்புங்க."

"நீ போயிட்டு வா."

"கூடப் பொறந்தவர் மாதிரி இருந்தவருங்க. வரலன்னா என்ன அர்த்தம்?"

"அந்த மொட்டைக் கடிதாசிய எழுதுனது அவருதான்" என்றேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

"நல்லாக் கண்டுபிடிச்சீங்க. அத எழுதுனது நான்லா."

அதையும் நான் சந்தேகப்பட்டேன், அண்ணே. என்னை அடக்கத்துக்குக் கூட்டிப்போக அவள் சொல்லும் பொய் என்று நினைத்து, "கடைசி வரி என்ன?" என்று கேட்டேன். "இதை எழுதுகிறவர் சபைக்கு விரோதி அல்ல" என்றாள். போதகரையும் என்னையும் தவிர, எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த வரி.

மெட்ராஸ் போகும் கப்பலில் ஸ்பீக்கரில் ஓயாமல் ஓடிய சினிமாப் பாட்டு அவளுக்குத் தெரியாமலே மனதில் ஒட்டியிருக்கிறது. நான் சாட்சி சொன்னபோது அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. அந்த வாரமே காதர் பாய் கடை ரேடியோவில் அதே பாட்டைக் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"அத்தன பேரு முன்னால சாட்சி சொல்லிட்டு நின்னீங்க. உங்களப் பொய்யனாக்கச் சொல்லுதீங்களா? பாடாம விட்டாப் போதும்னு இருந்துட்டேன். நீங்க அண்ணன்மேல சந்தேகம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். வேலை, வேலைன்னுதான சொன்னீங்க?"

அடக்கத்துக்கு வந்தேன். உங்கள் முகத்தைப் பார்க்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வர எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்படியானால் மூன்றாவது பாட்டு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எனக்கு ஒரு யூகம் வந்தது. ஆனால் முன்பு கெட்டதாக யூகித்த அதே புத்திதானே இப்போது நல்லதாக யூகிக்கிறது? என்னை நானே நம்பவில்லை. அதனால் போன வாரம் அண்ணியிடம் போய்க் கேட்டேன்.

"அது சினிமா மெட்டுன்னு தட்டு வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாரே. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாரு. 'ரூபி தெரியாம பண்ணியிருக்கு. வெளியில சொல்லிராத, தம்பி தாங்கமாட்டான்'னாரு. ஏன் கேக்குதீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி என்னை உட்காரச் சொல்லவில்லை. "நான் தம்பிக்கு என்ன தப்பு பண்ணினேன்னு ஆஸ்பத்திரியிலகூட என்னக் கேட்டாரு. இப்ப வந்து பதில் சொல்லுதீங்க. இத நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்றார்கள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று ரூபியிடம் கேட்டேன். "குடுங்க. என் பேரையும் போடுங்க" என்றாள். ஆனால் அண்ணிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கப் பொறுமை கிடையாது, பத்திரிகையைப் பிரிக்கவே மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடிதம் போதாது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் எழும்புமுன் நான் எழுந்து நிற்பேன். அண்ணி என்னை ஏறிட்டுப் பார்ப்பார்களா, தெரியாது. மன்னிப்பு கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தவும் மாட்டேன். நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட கேள்விக்குப் பதிலை மட்டும் அவர்கள் காதில் விழும்படி சொல்வேன்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அண்ணே.

காரணம் சொல்லாமல் உங்களைவிட்டு விலகிப்போன தம்பி,
யோசுவா