கடலுக்குக் கீழே நின்ற குதிரைகள்

அண்ணை,

நேற்று குயின் தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காருக்காகக் காத்து நின்றபோது இரண்டு பொலிஸ் குதிரைகள் வந்தன. அதிலொன்று சரியாக என் சப்பாத்துக்கு முன்னால் இலத்தி போட்டுவிட்டுப் போனது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினாள். நான் அப்படியே நின்றேன். உங்களை நினைக்க இதைவிட மரியாதையான மணங்கள் எத்தனையோ இருக்கின்றன. நீங்கள் ஞாயிறுகளில் பூசும் ஓடிக்கொலோன், உங்கள் கையால் வைத்த கணவாய்க் கறி. ஆனால் வந்தது இதுதான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவில் பார்க்டேல் பகுதியில் ஓர் அறை, இரண்டு மெத்தை, நாங்கள் இருவர். நீங்கள் உணவகமொன்றில் கோப்பை கழுவினீர்கள். நான் மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நின்றேன். உங்கள் மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். சனிக்கிழமை காலைகளில் உடுப்புத் தோய்க்க நிலவறைக்கு இறங்குவோம். அங்கேதான் அங்கஸ் கிழவர் அகப்பட்டார். கீழ்த்தட்டில் தனியே இருந்தவர். கிழக்குக் கரையில், கேப் பிரெட்டன் என்ற தீவில், காலமெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சு நிறையக் கரித்தூளோடு ரொறன்ரோ வந்தவர். மெஷின் சுற்றி முடிய முக்கால் மணித்தியாலம் எடுக்கும். அவருடைய கதைக்கு அது போதாது.

அவர் முதலில் செய்த வேலை சுரங்கத்துக்குள் மட்டக்குதிரை ஓட்டுவது. கரி நிரப்பிய சிறு வண்டிகளைக் குதிரை தண்டவாளத்தில் இழுக்கும். லாயமும் கீழேதான். வெயிலைக் காணாமல் வருடக்கணக்கில் உழைத்த குதிரைகளும் இருந்தனவாம். அந்தச் சுரங்கம் நிலத்தோடு நிற்காமல் கடலுக்கு அடியிலும் நீண்டு போனது. இதை நான் தமிழில் சொன்னதும் நீங்கள் உடுப்புக் கூடையைக் கீழே வைத்தீர்கள்.

“கடலுக்குக் கீழை குதிரையோ? வடிவாக் கேட்டனியோ? படகைச் சொல்லியிருப்பார்.”

“குதிரைதான் அண்ணை. ஒரு குதிரைக்கு நாலு வண்டி கணக்காம். வண்டியளைக் கொழுவேக்கை கேக்கிற சத்தத்தை எண்ணிக்கொண்டு நிக்குமாம். அஞ்சாவது சத்தம் கேட்டால் அசையாதாம்.”

“எங்கட சூப்பவைசருக்கு உந்தக் குதிரையை ஒருக்காக் காட்டோணும்” என்றீர்கள். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “அவருக்குச் சொல்லு, நான் நெடுந்தீவான். எங்கட தீவிலை குதிரை தெருவழிய திரியும். குதிரை எங்களுக்குப் புதிசில்லை” என்றீர்கள்.

நெடுந்தீவில் குதிரை திரிவது உண்மை. ‘எங்களுக்கு’ என்பதில் நீங்கள் உங்களையும் சேர்த்துக்கொண்டதுதான் பிரச்சினையாகிப் போனது. அந்த மாரி முழுவதும், ஒவ்வொரு சனிக்கிழமையும், நீங்கள் ஒரு படி உயர்ந்தீர்கள். முதலில் குதிரைக்குத் தண்ணீர் வைத்தீர்கள். பிறகு ஏறினீர்கள். பனி உருகும்போது சேணமில்லாமல் கடற்கரையோரம் பறந்துகொண்டிருந்தீர்கள். எனக்கும் இதில் பங்குண்டு. நீங்கள் “ஏறியிருக்கிறன்” என்றதை நான் ஆங்கிலத்தில் “பழக்கியிருக்கிறார்” என்று சொன்னேன். கேட்க அது இன்னும் நன்றாக இருந்தது.

ஊர்ச் சங்கம் வைப்பது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். கேப் பிரெட்டன்காரருக்கும் ஒன்று இருந்தது. வசந்தத்தில், குயின் தெருவோரத் தேவாலய மண்டபமொன்றில், சுரங்க மரபு நாள் கொண்டாடப் போவதாக அங்கஸ் சொன்னார். விளக்கு, பிக்காசு, படங்கள் எல்லாம் வைப்பார்கள். மண்டபத்தின் கார்த் தரிப்பிடத்தில் உண்மையான மட்டக்குதிரை ஒன்று வண்டி இழுத்துக் காட்டும். அவர் பேச வேண்டும். மூச்சு இளைப்போடு குதிரையும் பிடிக்க முடியாது. ஆகவே குதிரைக்கு நீங்கள்.

“ஷுவர், ஷுவர்” என்றீர்கள். அந்த நாளில் உங்களிடம் இருந்த ஆங்கிலத்தில் பாதி அதுதான்.

அன்று நீங்கள் கோட்டுப் போட்டு, டை கட்டி, திருநீறு பூசி வந்தீர்கள். குதிரையின் பெயர் டெய்சி. பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் பண்ணைக் குதிரை. சுரங்கத்தைக் கனவிலும் கண்டிராதது. அங்கஸ் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினார். பேசி முடித்து உங்களைப் பார்த்துத் தலையாட்டினார். சனம் முழுக்கத் திரும்பியது. நீங்கள் கயிற்றைப் பிடித்தபடி சிரித்தீர்கள். குதிரை நின்றது. நீங்களும் நின்றீர்கள்.

“தம்பி,” என்றீர்கள், சிரிப்பு மாறாமல், “உதை எப்பிடி ஸ்ரார்ட் பண்ணுறது?”

“என்னைக் கேக்கிறியளோ?”

“நான் ஊரிலை உதுகளை வேலிக்கு அங்காலை நிண்டு பாத்தனான். கிட்டப் போனால் கடிக்குமெண்டு அம்மா விடேல்லை.”

நீங்கள் யோசித்து, கோட்டுப் பையிலிருந்து எள்ளுருண்டை ஒன்றை எடுத்து நீட்டினீர்கள். டெய்சி வாங்கிச் சப்பியது. மற்றப் பையிலும் இருக்கிறது என்பது அதற்கு விளங்கிவிட்டது. மூக்கால் உங்கள் கோட்டைத் தள்ளியது. நீங்கள் ஓரடி பின்வாங்கினீர்கள். அது ஈரடி வைத்தது. நீங்கள் நடந்தீர்கள். அது நடந்தது. சனம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் நீங்கள் ஓடினீர்கள்.

ஒருவர் கோட்டும் டையுமாக முன்னால் ஓட, பின்னால் குதிரை, அதன் பின்னால் கரிவண்டி கடகடவென்று குயின் தெருவில் போனதை அன்று ஸ்ட்ரீட்காருக்குள் இருந்தவர்கள் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள். சாரதி மணியை அடித்துக்கொண்டே இருந்தார். நீங்கள் எங்கள் தமிழ்க் கடைக்குள் பாய்ந்தீர்கள். டெய்சியும் தலையை நுழைத்தது. வண்டி வாசற்கதவில் சிக்கிக்கொண்டது. கடைக்கார அன்ரி வெங்காய மூட்டைக்குப் பின்னால் நின்று கேட்டார்: “தம்பி, உது உங்களோடை வந்ததோ?”

நான் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் அரிசி மூட்டைகளுக்கு மேலே இருந்தீர்கள். டெய்சி கறிவேப்பிலைக் கட்டுகளைத் தின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கஸ் வந்தார். இரண்டு படி ஏறினால் உட்கார வேண்டிய மனிதர், அவ்வளவு தூரம் தடியோடு நடந்து வந்திருந்தார். நாக்கால் இரண்டு முறை சொடக்கினார். குதிரையின் கழுத்தில் கையை வைத்து, மெல்லப் பின்னுக்கு எடுத்து வெளியே நிறுத்தினார். பிறகு ஒரு மூட்டையில் அப்படியே அமர்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் இறங்கி வந்து அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றீர்கள்.

அவருக்கு மூச்சு வந்ததும் என்னிடம் சொன்னீர்கள்: “அவருக்குச் சொல்லு, எனக்குக் குதிரை தெரியாதெண்டு. ஒண்டும் கூட்டிச் சொல்லாதை.”

சொன்னேன். தனக்கு அது முதல் நாளே தெரியும் என்றார் அங்கஸ். குதிரை தெரிந்தவன் அதன் வயதைக் கேட்பான், உயரத்தைக் கேட்பான். அன்று நீங்கள் கேட்டது, கீழே நின்ற குதிரைகளுக்கு மேலே கடலடிக்கிற சத்தம் கேட்குமா என்பது. தன் பிள்ளைகள்கூட அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்றார். அதனால்தான் குதிரைக்கு உங்களைப் பிடித்தாராம்.

“கேக்குமாமோ?” என்றீர்கள்.

மனிதருக்குக் கேட்பதில்லை, குதிரைகளுக்கு எது கேட்டதென்று தனக்குத் தெரியாது என்றார். ஒருநாள் தன் குதிரை நடுவழியில் நின்றுவிட்டதாம். திட்டியிருக்கிறார், அடித்தும் இருக்கிறார். அசையவில்லை. சற்று நேரத்தில் முன்னால் கூரை இடிந்து விழுந்தது. “சுரங்கத்திலை செத்த ஆக்களுக்கு ஊரிலை கல்லு வைச்சுப் பேர் வெட்டியிருக்காம், அண்ணை” என்று நான் மொழிபெயர்த்தேன். “குதிரையளுக்கு ஒண்டும் இல்லையாம். அடிச்சது இண்டைக்கும் மனசிலை கிடக்காம்.”

அடுத்த சனிக்கிழமை உடுப்புக் கூடையோடு ஒரு கொப்பியும் கொண்டுவந்தீர்கள். அவர் குதிரைகளின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, தமிழில் எழுதினீர்கள். அதற்குப் பிறகு குதிரையைப் பற்றி நீங்கள் பொய் சொல்லி நான் கேட்கவில்லை. மற்ற விஷயங்களில் வழமைபோலத்தான். அடுத்த மாரியில் அங்கஸ் இறந்து போனார். உங்கள் குடும்பம் வந்து சேர்ந்தது, மில்லிக்கன் பக்கம் வீடு பார்த்தீர்கள், நான் அஜக்ஸ் நகருக்குப் போனேன். போன வருடம் நீங்களும் அங்கஸ் வழியில் போய்விட்டீர்கள்.

சில மாதங்களுக்கு முன் உங்கள் வீட்டு அக்கா அந்தக் கொப்பியை என் கையில் தந்தார். “என்னெண்டு எனக்கு விளங்கேல்லை. ஏதோ வெள்ளைக்காரற்றை பேருகள்.”

அங்கஸின் சங்கத்தைத் தேடிப் பிடித்தேன். அங்கே பழைய சுரங்கக்காரர் ஒருவரின் பேத்தி குதிரைகளுக்கென்று ஒரு பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கொப்பியைக் கண்டு மகிழ்ந்தாள். ஆனால் ஓரெழுத்தும் அவளுக்கு விளங்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நீங்கள் குணம் எழுதியிருந்தீர்கள். “பிரின்ஸ்: கடிக்கும்.” “மோலி: புகையிலை தின்னும்.” “கிங்: அங்கஸைக் காப்பாற்றியது.” அவள் தட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசிப் பக்கத்தின் அடியில், அதே கையெழுத்தில், என் பெயர் இருந்தது. “செல்வராசா: மெதுவாய் நடக்கும். நம்பலாம்.”

நான் நிறுத்தியதைக் கண்டு அவள் நிமிர்ந்தாள். இன்னொரு குதிரையா என்று கேட்டாள். ஓம் என்றேன். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஓரெழுத்தும் பிழைக்காமல் தட்டிவிட்டாள்.

கேப் பிரெட்டன் குதிரைகளின் பட்டியலில் இப்போது நானும் இருக்கிறேன், அண்ணை. திருத்தச் சொல்லி ஒரு கடிதம் போட வேண்டும். இன்னும் போடவில்லை.