படம் எடுக்கும் கையின் எடை

மார்ச் 3, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காலை, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், எட்டு பேர் முன்னால், ஒரு குழந்தையின் இதயம் நின்றுவிட்டதென்று கத்தினேன். இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ திரையில் நான்கு அறைகளும் அசையவில்லை. குழந்தையோ கொட்டாவி விட்டது. கண்ணாடி போட்ட எங்கள் மூத்த நர்ஸ், கண்ணாடி சிஸ்டர், எட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். இதயம் மறுபடி ஓடியது. படத்தை உறைய வைக்கும் பொத்தான் மேல் என் கட்டைவிரல் குடியிருந்திருக்கிறது.

ஐம்பத்திரண்டு வயதில் புது வித்தை கற்றால் இப்படித்தான். என்ன செய்வது? இதய டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற ஆறு நாளும் குழந்தைகளின் இதயம் சும்மா இருக்குமா? அதனால் குழந்தை டாக்டர்கள் நாங்களே எக்கோ பார்க்கக் கற்கிறோம். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது. போனில் சொன்னார்: "அடுத்த தடவை நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க மேடம், வந்து பார்க்கிறேன்."

மார்ச் 6

மூன்றாம் இன்குபேட்டர் பெட்டிக்கு ஒரு பெண் குழந்தை. இருபத்தைந்தாம் வாரத்திலேயே வந்துவிட்டாள். எழுநூற்றுப் பத்து கிராம். அம்மாவுக்குத் தபால் நிலையத்தில் பார்சல் கவுன்டரில் வேலை. சக்கர நாற்காலியில் வந்து, பெட்டியின் துளை வழியாக ஒரே ஒரு விரலை நீட்டினார். "ரெண்டு புத்தகம் அனுப்பினா வர்ற எடை, டாக்டர்."

எக்கோ பார்த்தேன். இதயத்தில் ரத்தம் சரியாக நிறையவில்லை. ரத்த அழுத்தமும் இறங்கியது. இதயத்தை முடுக்கும் மருந்தைத் தொடங்கினேன்.

மார்ச் 7

மறுபடி பார்த்தேன். அதேதான். அளவைக் கூட்டினேன்.

மார்ச் 8, ஞாயிறு

மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் கூட்டினேன். துடிப்பு நூற்றுத் தொண்ணூறு. அவ்வளவு சின்ன நெஞ்சு தடதடவென்று அடிப்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உப்பு இல்லன்னு இன்னிக்குச் சொல்லலாமா, நாளைக்குச் சொல்லட்டுமா?"

மார்ச் 9

கண்ணாடி சிஸ்டர் துணி அலமாரிப் பக்கம் கூப்பிட்டார். ஏதோ வம்பு கிடைக்கப்போகிறதென்று ஆசையாகப் போனேன். அவர் கையில் மூன்றாம் பெட்டியின் அழுத்தக் குறிப்புத் தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க படம் பார்க்கறப்ப மட்டும்தான் பிரஷர் விழுது. மத்த நேரம் பாப்பா நல்லாத்தான் இருக்கா."

"ஜெல் சில்லுனு இருந்திருக்கும்—"

"ஜெல் இல்ல மேடம். உங்க கை. கண்ணு திரையில இருக்கு. கை மொத்தமும் அவ நெஞ்சு மேல கிடக்கு."

டயப்பர் நிறுக்கும் தராசை எடுத்து வைத்தார். எக்கோ கருவியைப் பிடித்தபடி, வழக்கம்போல் கையை வைத்தேன். நூற்றுத் தொண்ணூறு கிராம். அவள் எடையில் கால் பங்குக்கு மேல். அந்தக் கணக்கில் என் நெஞ்சில் இருபது கிலோ. என் எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிப் பார்த்தேன், அப்போதும் பத்தொன்பது.

நான் அமுக்கினேன், அதனால் இதயம் நிறையவில்லை. நிறையவில்லை என்று மருந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டு, மறுபடி அமுக்கிப் பார்த்தேன். என்ன காரியம் பண்ணிட்டேன் நான்?

சுண்டுவிரலைப் படுக்கையில் ஊன்றி, கருவி தோலைத் தொட்டும் தொடாமலும் பார்த்தேன். நன்றாக நிறைகிறது. மருந்தைக் குறைக்கத் தொடங்கினேன்.

மார்ச் 11

மருந்து நின்றது. துடிப்பு நூற்றைம்பது. ஆனால் தலை ஸ்கேனில் ஒரு சிறு ரத்தக் கசிவு. இவ்வளவு சீக்கிரம் பிறந்தவர்களுக்கு வருவதுதான். மருந்து முடுக்கியதாலும் வரலாம். எதனால்? யாரைக் கேட்பேன்? பதில் சொல்ல வேண்டியவளே நான்தான்.

மார்ச் 12, வியாழன்

இதய டாக்டர் பார்த்தார். "இது நல்ல இதயம். யாரு மருந்து போட்டது?"

சொன்னேன். எப்போதும் குத்திப் பேசுகிறவர், குத்தாமல் மருந்துத் தாளைப் புரட்டினார். அதுதான் பயமாக இருந்தது. கிளம்பும்போது, "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 14

சொல்லப் போனேன். அம்மா நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல சாக்கு.

மார்ச் 17

சொல்லிவிட்டேன். கை, மருந்து, கசிவு, எல்லாம். அம்மா நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"தராசுல கைய வச்சிக்கிட்டே பார்சல நிறுக்கிறவங்கள தினமும் பார்க்கிறேன். கைய எடுங்கன்னா கோபம் வரும். வச்சிருக்கிறது அவங்களுக்கே தெரியாது."

துளை வழியாக விரலை நீட்டி மகளைத் தொட்டார்.

"கசிவு அதனாலயா டாக்டர்?"

"தெரியல. இருக்கலாம்."

"சரி. நாளைக்கு வேற டாக்டர் யாராவது பார்த்துட்டு, இவளுக்கு இதயம் வீக்குனு மறுபடி மருந்து குடுத்துடக் கூடாது. நடந்தத அப்படியே எழுதிக் குடுங்க."

எழுதித் தருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 20

இப்போதெல்லாம் புதிதாக வரும் டாக்டர்கள் முதலில் தராசின் மேல்தான் எக்கோ பழகுகிறார்கள். ஆசிரியை கண்ணாடி சிஸ்டர். முப்பது கிராமுக்கு மேல் போனால் எல்லோருக்கும் முன்னால் என் பெயரைச் சொல்கிறாராம். சொல்லட்டும்.

மே 29

மூன்றாம் பெட்டி வீட்டுக்குப் போனாள். இரண்டு கிலோ நூற்றைம்பது. கசிவு கரைந்துவிட்டது. அம்மா ஒரு கையில் அவளையும் மறு கையில் மருத்துவக் குறிப்பு வைத்த உறையையும் வாங்கிக்கொண்டார். உறையைப் பிரிக்கவில்லை. "எல்லாம் எழுதியிருக்கீங்கல்ல?" என்றார். தலையசைத்தேன்.

உள்ளே இருக்கும் வரி இது: "முதல் வாரத்தில் இதயம் பலவீனமாக இருந்தது; மருந்துக்கு நல்ல பலன்." நான் சொல்லச் சொல்லத்தான் அதைத் தட்டச்சு செய்தார்கள்.