வேலி ஓரத்துச் சக்கரவர்த்திக் கீரை

பாகலூர்,
19.9.2024

அன்புள்ள ரூபாவுக்கு அம்மா எழுதுவது.

நான் எழுந்து நடமாடுகிறேன், சாப்பாடு இறங்குகிறது, உறக்கமும் வருகிறது. அங்கே டென்மார்க்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குளிர் தொடங்கும் முன்பே கம்பளி எடுத்துப் போட்டுக்கொண்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ அடுத்ததைக் கேட்டுவிடுகிறாய், நானும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். அந்தப் பழக்கத்தால்தான் இவ்வளவும் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். கிருஷ்ணகிரியில் உன் சித்தப்பா பொன்னுசாமி தொடங்கி நம் தெருவில் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் என்னைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். நாகம்மாள் கண்மண் தெரியாமல் ஊமத்தை இலையைக் கீரையோடு சேர்த்துப் பறித்துவிட்டாளாம், மணிமேகலையம்மா செத்துப் பிழைத்தும் அவளை ஒரு வார்த்தை சொல்லாமல் மன்னித்துவிட்டாராம், படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்கிறார்களாம். நான் யாரையும் மன்னிக்கவில்லை. மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லை. அன்று கடைந்த கீரையில் ஊமத்தை ஒரு இலைகூட இல்லை. நாகம்மாளை உனக்குத் தெரியும். பதினோரு வருடமாக மதியத்தில் நம் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தவள், காலையும் மாலையும் உன் சிநேகிதி சுமலதா நடத்தும் கம்பெனிப் பெண்கள் விடுதியில் சமைத்தவள். நீ சொல்லித்தான் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. நீ எழுதித்தான் போயிற்று.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆவணியில் நல்ல மழை பெய்தது, கேழ்வரகுக் கொல்லை ஓரமெல்லாம் கீரை தழைத்துக் கிடந்தது. மழை விட்டதும் ஒரு நாள் பத்துச் செடியில் பத்துப் பத்து நுனி கிள்ளி, எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்துக் கடைந்து, களிக்குத் தொட்டுக்கொள்வது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரே செடியைப் பறிக்கக் கூடாது, கலந்துதான் பறிக்க வேண்டும். எது எது என்று நான் காட்டுவேன், நாகம்மாள் மடியில் பறித்துப் போட்டுக்கொள்வாள். நான் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, அவள் பிறந்ததிலிருந்து பறிக்கிறாள். ஆனால் கான்வென்ட்டில் தாவரவியல் சிஸ்டர் பயிற்றுவித்த பழக்கம், என் செடி நோட்டில் குறித்து வைத்த அடையாளத்தை வாயால் சொல்லாமல் ஒரு இலையை எடுக்க விடமாட்டேன். துத்தி என்றால் கம்பெனியில் செய்கிற பல் சக்கரம் மாதிரிக் காய் இருக்க வேண்டும், கீழாநெல்லி என்றால் இலைக்காம்பின் அடியில் மணி மணியாகக் காய் வரிசை இருக்க வேண்டும், தும்பையின் பூவைக் கிள்ளி உறிஞ்சினால் இனிக்க வேண்டும். உன் அப்பாவின் காலில் அரிவாள் பட்டபோது வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்து ரத்தத்தை நிறுத்தியவள் நாகம்மாள். அது எந்தச் செடி, பூவில் எத்தனை இதழ் என்று அப்போது நின்று விளக்கியவள் நான். அப்பா வலியிலும் சிரித்தார்.

கொல்லைக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் இருக்கிறதல்லவா, அந்தக் கம்பி வேலி ஓரமாகக் குழாய் கசிந்து நிலம் எப்போதும் ஈரமாக இருக்கும். உரத் தண்ணீரும் சேர்வதால் அங்கே செடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. சக்கரவர்த்திக் கீரையும் பண்ணைக் கீரையும் அவ்வளவு செழிப்பாக நான் பார்த்ததில்லை. அங்கே போவோம் என்றேன். நாகம்மாள் நின்றுவிட்டாள். வாணாம்மா, நேத்துதான் உள்ள மருந்து அடிச்சுட்டு டேங்கை இந்த வேலி ஓரம் கழுவி ஊத்துனாங்க, பாருங்க எல வெள்ளையா படிஞ்சு கெடக்குது என்றாள். நான் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினேன். சக்கரவர்த்திக் கீரையின் அடையாளமே அந்த வெள்ளைதான், இளம் இலையின் அடியில் மாவு தூவியது போல இருக்கும், அது இல்லாவிட்டால் அது சக்கரவர்த்தியே இல்லை, தெரியாததைத் தெரிந்தது மாதிரிப் பேசாதே என்றேன். நான் சொன்னது சரி. அந்தச் செடிக்கு அது அடையாளம்தான். ஆனால் பண்ணைக் கீரைக்கு வெள்ளை மாவு கிடையாது, ரூபா. வழவழப்பான இலை அது. அன்று பண்ணைக் கீரையும் வெள்ளையாக இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சொன்ன வார்த்தையை மாற்ற மனமில்லாமல், ம், கிள்ளு என்றேன். அவள் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்து நான்கு தண்ணீர் அலசினாள், முதல் கொதியின் தண்ணீரை வடித்துக் கொட்டினாள், இதற்கு மேல் அவள் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் கீரை கடைந்தால் முதலில் ஒரு வாய் தொட்டுப் பார்த்து உப்பு சொல்வது அவள்தான். அன்று பசி இல்லம்மா, விடுதிக்கு நேரமாச்சு என்று சொல்லி மத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். எதனால் சாப்பிடவில்லை என்று எனக்குப் புரிந்தது. கோபம் வந்தது. உப்பை நானே பார்த்தேன், கீரையை இரண்டு கரண்டி கூடவே போட்டுக்கொண்டேன். பின் போர்ஷனில் குடியிருக்கும் சுப்ரியா, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண், மசக்கையோ வேறெதுவோ இல்லை, சும்மா ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள். அவளுக்குக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்ததும் நான்தான். நாகம்மாளுக்கு அது தெரியாது.

மூன்று மணிக்கு எனக்கு வாயில் எச்சில் ஊறி வழிந்தது, வயிற்றைப் பிசைந்தது, கண்ணிமை துடித்தது. சுப்ரியாவும் வாந்தி எடுத்தாள். அவள் புருஷன் ராஜேஷ்குமார் ஷிப்டிலிருந்து ஓடிவந்து இரண்டு பேரையும் ஓசூருக்குக் கொண்டுபோனான். கீரையில் ஊமத்தை கலந்திருக்குமோ என்று அவன்தான் முதலில் சொன்னான். டியூட்டி டாக்டர் சிறு வயது. என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஊமத்தைன்னா கண்மணி விரியும் பாட்டி, உங்களுக்குக் கடுகாட்டம் சுருங்கியிருக்கு, இது பூச்சி மருந்து என்றார். பாட்டி என்று சொல்ல வேண்டாம் என்றேன். ஊமத்தையில் வாய் வறண்டு போகும் என்பதும் எனக்குத் தெரியும், என் வாயோ ஒழுகிக்கொண்டிருந்தது. ஆக அந்த நிமிடமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பிறகு அவர், கீரையை யார் பறிச்சது என்று கேட்டார். நாகம்மாள் என்றேன். மறுநாள் நீ போனில் அதையே கேட்டாய். அதையே சொன்னேன். கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. சிஸ்டர் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

அந்த ஒரு சொல்லிலிருந்து மற்றவர்கள் மிச்சத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வைத்து ராஜேஷ்குமார் அவளை, பறிச்சவ நீ, கடைஞ்சவ நீ, ஒரு வாய் நீ திங்கலையே, ஏன், என்னத்தையக் கலந்த என்று கேட்டானாம். அவள் வாயைத் திறக்கவில்லையாம். திறந்தால் அம்மாதான் சொன்னாங்க என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். நீ என்னோடு போனில் பேசிய அன்று சாயங்காலமே சுமலதாவுக்கு மெயில் எழுதினாய், விஷச் செடிக்கும் கீரைக்கும் வித்தியாசம் தெரியாதவளை நூற்றிருபது பெண்களுக்குச் சமைக்க வைக்காதே என்று. உன்மேல் தவறு இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது ஒரு மகள் எழுதக்கூடியதைத்தான் எழுதினாய். அதை அங்கே அச்செடுத்து ஃபைலில் வைத்திருக்கிறார்கள், நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எனக்கு எந்த உணர்ச்சியும் இல்லை. இப்போதும் அப்படித்தான். அழுகை வரவில்லை, பயமும் இல்லை, கை ஒரு பக்கம் வேலை செய்கிறது, மனது ஒரு பக்கம் சும்மா இருக்கிறது. நீ கவலைப்படுவாய் என்று இதைச் சொல்லவில்லை, டாக்டரிடம் கேட்டேன், மருந்தின் அசதி சில நாள் இருக்கும் என்றார். மருந்துதானா என்று நான் கேட்கவில்லை. மாமரத்தில் அணில் வருகிறது, தண்ணீர் லாரி செவ்வாயும் சனியும் வருகிறது, கம்பெனி பஸ்கள் நம் தெருவிலேயே திரும்புவதால் காம்பவுண்டு சுவரில் ஒரு மூலை உடைந்துவிட்டது. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். சுப்ரியாவிடம் முதலில் சொன்னேன். தெரிஞ்சா குடுத்தீங்க, விடுங்க அம்மாச்சி என்றாள். ராஜேஷ்குமார் வேறு வீடு பார்க்கிறான். உன் சித்தப்பாவோ, ஏன் அண்ணி இந்த வயசுல இல்லாத பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்குறீங்க, ரெண்டு மாசத்துல ஊரே மறந்துரும் என்கிறார். சுமலதாவிடம் ஆட்டோ பிடித்து நேரில் போனேன். காபி கொடுத்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள், ஆன்ட்டி, நீங்க அவமேல இரக்கப்பட்டுச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதா, ரூபா எழுத்துல குடுத்திருக்கா, நாளைக்கு ஒரு பொண்ணுக்கு வயித்து வலின்னாலும் அந்தக் காகிதத்தைத்தான் என் மூஞ்சியில வீசுவாங்க, ரூபாவே மாத்தி எழுதட்டும் என்றாள். பெரிய மனசு என்று ஒரு தரம் பெயர் வாங்கிவிட்டால் உண்மையைச் சொன்னாலும் அது பெரிய மனசாகவே போய்ச் சேருகிறது. என் பேச்சை இதில் யாரும் நம்பப்போவதில்லை. முன்பெல்லாம் நான் ஒரு செடியைப் பேர் சொன்னால் மறுபேச்சு இருந்ததில்லை.

நாகம்மாள் இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்று நீ கேட்கவில்லை. அதே பாலிஹவுஸில். காலையில் பூ வெட்டுகிறாள், மருந்து அடிக்கும் நாளில் டிரம்மில் மருந்து கலக்குகிறாள். புதன்கிழமை வாசலில் காத்திருந்து பார்த்தேன். கையுறை கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். ஒரு ஜோடி இருக்குது, நாலு பேரு மாத்தி மாத்திப் போடறோம் என்றாள். நகத்தைச் சுற்றித் தோல் வெளுத்து உரிந்திருந்தது. நான்தான் தவறு செய்தேன் என்று சொன்னேன். அதை அவளிடம் சொல்லும்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. அவள், உங்க நோட்டுல அந்த மருந்து பேரு மட்டும் இல்லியாம்மா என்று கேட்டாள். கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவளே, நான் ஒருக்கா சொல்லிட்டு விட்டுட்டேன், ரெண்டாந்தரமும் சொல்லியிருக்கோணும், நீங்க சொன்னா சொன்னதுதான்னு பழகிப்போச்சு என்றாள். விடுதி வேலை திரும்பக் கிடைத்தால் வருவாயா என்றேன். அங்க நெருப்போட வேல, இங்க இந்த நாத்தத்தோட வேல, எனக்கு நெருப்பே தேவலாம்மா, ராத்திரியில தலை சுத்துது என்றாள். நம் வீட்டுக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். இந்தக் கவருக்குள் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளின் நகல் இருக்கிறது. மூன்றாவது வரியில் பூச்சி மருந்து என்று தெளிவாக எழுதியிருக்கிறது, கண்மணி சுருங்கியிருந்ததும் எழுதியிருக்கிறது. இதுவரை அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் நான். சுமலதாவுக்கு நீ கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். நீ முன்பு எழுதியது தவறான தகவலின் பேரில் எழுதியது, அந்தத் தகவலைக் கொடுத்தது உன் அம்மா, இடம் தப்பு என்று நாகம்மாள் முன்கூட்டியே எச்சரித்தும் உன் அம்மா கேட்கவில்லை என்று எழுது. என் பெயரை முழுதாகப் போடு. வயதாகிவிட்டது, பார்வை குறைந்துவிட்டது என்று எதையும் சேர்க்காதே. கண் நன்றாகத்தான் தெரிந்தது. இதை எழுத உனக்குக் கை வராது என்று எனக்குத் தெரியும், சித்தப்பா உன்னை அழைத்து வேண்டாம் என்பார். என்னைப் பற்றி உனக்கு என்ன தோன்றினாலும் அதைத் தனித்தாளில் எழுது, நான் படித்துக்கொள்கிறேன்.

போன மாதம் நீ படம் அனுப்பிக் கேட்ட செடியும் சக்கரவர்த்திக் கீரைதான், உங்கள் ஊர்த் தோட்டங்களில் தானாக முளைக்கும். இலை வாத்தின் பாதம் போல இருக்கும், வெள்ளை மாவு இளம் நுனியிலும் இலையின் அடியிலும்தான் இருக்க வேண்டும். பக்கத்துச் செடியிலும் அதே வெள்ளை இருந்தால் கிள்ளாதே. செடியைத் தெரிந்தால் மட்டும் போதாது, அது நிற்கும் மண்ணில் நேற்று யார் என்ன ஊற்றினார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களைக் கேள். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்.

குழந்தைக்கு இருமல் இருந்ததே, குறைந்ததா. வெந்நீரில் ஆவி பிடி, அங்கே கிடைக்காத இலையைத் தேடி அலையாதே. மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், சொன்ன சொல்லைத் திருத்திக்கொள்ளவும் தெரிந்தவர்களாக நீண்ட காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

அடுத்த புதன்கிழமைக்கு மருந்து கலக்கும் முறை மறுபடியும் நாகம்மாளுக்கு வருகிறது. தபால் போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும் என்பதால் இதையும் டிஸ்சார்ஜ் தாளையும் படமெடுத்து உன் போனுக்கும் இன்றே அனுப்புகிறேன். பார்த்ததும் என்னை அழைக்காதே. சுமலதாவுக்கும் எனக்கும் பதிலை எழுத்தில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா,
மணிமேகலை