இடது கைக்கு ஏற்ற பீப்பாய்

டூ ஹார்பர்ஸ், மினசோட்டா
அக்டோபர் 14

அன்புள்ள தம்பி ஓரினுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதும் அளவுக்கு எனக்கு விவரம் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அண்ணன் ஹால்வர் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். நீயும் அலாஸ்காவில் மழை எப்படிப் பெய்கிறது என்று ஆரம்பித்துவிடுகிறாய்.

முதலில் நல்ல செய்தி. எங்கள் மகள் கிர்ஸ்டனின் பெண் குழந்தை ஆஸ்ட்ரிட்டுக்கு அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஞானஸ்நானம். வருகிறவர்களுக்கெல்லாம் தான் காய்ச்சிய பியர்தான் என்று ஹால்வர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. இருபத்தைந்து வருஷமாக கராஜில் காய்ச்சுகிறவர். ஆனால் இந்தத் தடவை பாட்டில் வேண்டாமாம், பீப்பாயாம்.

பக்கத்து வீட்டு வெண்டல் பீப்பாய் வாங்கிய அன்று இவர் அவரைப் படுத்திய பாடு உனக்கு நினைவிருக்கும். "பாட்டிலுக்கு மூடி போடத் துப்பில்லாதவன்தான்யா பீப்பாய் வாங்குவான்" என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தவர் இவர். போன மாத ஆரம்பத்தில் அத்தனை பாட்டில்களையும், மூடி அழுத்தும் கருவியையும் அதே வெண்டலிடம் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டேன். "பாட்டில் கழுவிக் கழுவி அலுத்துப்போச்சு டோரீன்" என்றார். இத்தனை வருஷமும் பாட்டில் கழுவியது நான்.

அப்போதே எனக்கு உறுத்தத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை டுலூத்தில் உள்ள காய்ச்சும் சாமான் கடைக்குப் போனார். வெண்டல் ஒரே மதியத்தில் வாங்கி முடித்த சாமான்கள் அவை. திரும்பி வந்ததும் இவர் வாயை மோந்து பார்த்தேன், காபி வாசனைதான். கடைக்காரி மார்லிஸின் பெயர் அடிக்கடி பேச்சில் வந்தது. இந்த வயதில் அப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தேன், தம்பி.

சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாரும் வாங்குவது ஐந்து கேலன் பீப்பாய். இவர் இரண்டரை கேலனில் நான்கு வாங்கியிருக்கிறார். காய்ச்சும் அண்டாவுக்கு அடியில் குழாய், அதோடு ஒரு பம்ப், அதனால் கொதிக்கும் சாற்றை யாரும் தூக்கி ஊற்ற வேண்டாம். பழைய கண்ணாடி ஜாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஜாடி. பீப்பாய்க்குள் வாயு ஏற்றும் சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த வண்டி. படகு எஞ்சினை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றியவருக்குச் சக்கரம் எதற்கு?

போன வியாழன் தூண்டில் கடையில் எனக்கு லீவு. பல் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு டுலூத்துக்குப் போனேன். மார்லிஸ் எழுபது வயதுக்காரி, மூக்கில் கண்ணாடி, காலில் ரப்பர் பூட்ஸ். நான் யார் என்று சொன்னதும் சிரித்தாள்.

"எல்லாரும் எத்தனை கேலன் புடிக்கும்னு கேப்பாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் எவ்வளவு கனம்னு கேக்குறாரு. ஒவ்வொரு இணைப்பையும் மாட்டிக் கழட்டிப் பாக்குறாரு, அதுவும் இடது கையால மட்டும். ஸ்பேனர் போடற மாதிரி எதுவும் வேண்டாங்குறாரு. யாருக்குய்யா வாங்குறீங்கன்னு கேட்டேன். கையில பலம் இல்லாத ஒரு சிநேகிதனுக்குன்னாரு. பாவம், அவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு காரில் வந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு பார்த்தால் எல்லாமே கண்ணில் படுகிறது. காபிக் கோப்பை இடது கையில். சட்டைகளில் பொத்தான் போய் அழுத்தும் பட்டன் வந்திருக்கிறது. தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தை நான் பிடிக்கிறேன். குழந்தை பிறந்து ஏழு வாரமாகிறது, ஒரு தடவைகூட அதை வாங்கிக்கொள்ளவில்லை. எப்போது கேட்டாலும் சளி. கிர்ஸ்டன் என்னிடம், "அப்பாவுக்குப் பேரன்தான் வேணும்னு இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

நேற்று முதல் பீப்பாயை நிரப்பினார். கராஜ் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வாயுக் குழாயின் இணைப்பைப் பீப்பாய் முனையில் வைத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நாலு தடவை நழுவியது. வலது கையை இடது கையால் எடுத்து அதன் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். ஐந்தாவது தடவையும் நழுவியது. நான் பின்வாங்கி, சமையலறைக் கதவைச் சத்தமாக அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அதற்குள் நிமிர்ந்து நின்றுவிட்டார்.

"இந்த ரப்பர் சரியில்ல" என்றார்.

நான் அழுத்தினேன், உடனே பொருந்திவிட்டது. "உனக்குக் கை வாகா இருக்கு. இனிமே இத நீயே போட்டுடு" என்றார். சரி என்றேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஏப்ரல் கடைசியில் நீ இவ்வளவு தூரம் பறந்து வந்தாய். இருவரும் நாலு நாள் வாலாய் மீன் பிடிக்கப் போனீர்கள். அந்த வாரம் வாலாய் பிடிக்கத் தடை. பதினெட்டு வருஷமாகக் கடையில் மீன்பிடி லைசென்ஸ் எழுதிக் கொடுக்கிறவள் நான், எனக்கே அது அப்போது தோன்றவில்லை. எங்கே போனீர்கள்? எந்த டாக்டர்? இருவரில் யாருக்காக?

உங்கள் அப்பா கடைசி மூன்று வருஷம் கரண்டி பிடிக்க முடியாமல் இருந்ததை நான் மறக்கவில்லை. அவருக்கு ஊட்டியதே நான்தான். அது பிள்ளைகளுக்கு வருமா என்று அன்று கேட்டேன். ஹால்வர் "அதெல்லாம் இல்ல" என்றார். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன் அண்ணன் தனக்காக மறைக்கிறார் என்றால் காத்திருப்பேன். அவராகச் சொல்லட்டும், நானாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் கிர்ஸ்டன் இருக்கிறாள், இப்போது ஆஸ்ட்ரிட்டும் இருக்கிறாள். அவர்களுக்காக நான் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பாதே. தபாலை முதலில் எடுப்பது அவர்தான். தூண்டில் கடை முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். ஞானஸ்நானத்துக்கு முன் கிடைத்தால் நல்லது.

இன்னும் ஒன்று. குழந்தை பிறந்ததற்கு நீ அனுப்பிய வாழ்த்துக் கடிதம் கம்ப்யூட்டரில் அடித்து வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில்கூட அச்செழுத்து. முப்பது வருஷமாக உன் கிறுக்கலைப் படித்தவள் நான்.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இந்தப் பதிலை மட்டும் உன் கையாலேயே எழுது, தம்பி. எழுத்து எப்படிக் கோணினாலும் நான் படித்துக்கொள்வேன்.

அன்புடன்,
உன் அண்ணி
டோரீன்