புளிஹோர என்று நான் வைத்த வீட்டுப்பெயர்

உன் லேப்டாப்பை உங்கம்மா என்னிடம் கொடுத்துவிட்டார்கள். திறந்தால் கீபோர்டிலிருந்து இன்னும் ஆவக்காய் எண்ணெய் வாசனை. துடைக்க மனசில்லை, எரிச்சல்தான் வருகிறது. டெங்குவில் படுத்தவன் வேலையைப் பாதியில் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

திருப்பதியில் நம்ம காலேஜ் லேப். பஸ் பாஸுக்கு நம்ம கிளாஸ் எழுதிய ஆப்பில் உன் பேரை அடித்தாய், திரை அப்படியே உறைந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். "நெட் போயிருக்கும்டா" என்றேன்.

"நெட் இல்லடா, ஆப்புல எங்கியோ ஓட்டை கீது. புடிச்சுக் காட்றேன் பாரு."

அதற்காகவே அந்த புரோகிராமை எழுதினாய். பொய் மாணவர்களை உருவாக்கி ஆப்புக்குள் அனுப்பும். ஆப்பை அதிகம் திணறடித்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஜோடி சேர்த்து, பேரைக் கலந்து, அங்கங்கே எழுத்தை மாற்றி அடுத்த தலைமுறையைப் பெறும்.

"பரிணாமம்னு சொல்லிப் பட்டை நாமம் போடுதுடா" என்று ஓட்டினேன்.

"மூடிக்கினு லிஸ்ட்டை அடி" என்றாய். முதல் தலைமுறைக்கு நம்ம கிளாஸ் பெயர்களை அடிப்பது என் வேலை.

நீ போன பிறகு லேப் சார், "அவனுக்கு ஏதோ பிரமை. வதிலெய்ரா, விட்டுத்தள்ளு. அடுத்த வாரம் திங்கட்கிழமை ஆப்பைக் கொடுத்துடலாம்" என்றார். விட்டால் நீ புளுகன் என்றே ஆகிவிடும். ஒன்பது நாள் ஓட்டினேன். எல்லா டெஸ்ட்டும் பாஸ், ஆப் ஒரு தடவைகூட உறையவில்லை. உன்னைத் திட்டினேன். இல்லாதவனைத் திட்டக்கூடாதாம். இன்னும் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் நான் அடித்த லிஸ்ட்டையே திறந்தேன். தெலுங்குப் பசங்களுக்குக் குடும்பப் பெயராக நீளநீளமாக ஒரு வீட்டுப்பெயர். நம்ம தமிழ்ப் பசங்க அந்தக் கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தப்பிப்போம். எனக்குப் புத்தலப்பட்டு. நீ மட்டும், "நைனா பேர்ல மொத எழுத்து போதும்" என்று அடம். அந்த ஒற்றை எழுத்து இருக்கவேண்டிய இடத்தில், குறும்புக்கு, நான் புளியோதரையைத் தெலுங்கில் புளிஹோர என்று அடித்து வைத்திருந்தேன்.

நீளத்தோடு நீளம் சேர்ந்தால் நீளம்தான் பிறக்கும். எழுத்து மாறும், எண்ணிக்கை குறையாது. ஆயிரம் தலைமுறை ஓடினாலும் அதில் ஒற்றை எழுத்துக்காரன் நீ பிறந்திருக்க மாட்டாய்.

புளிஹோரவை அழித்து உன் எழுத்தைப் போட்டேன். முதல் தலைமுறையிலேயே ஆப் உறைந்தது. சார் வந்து பார்த்தார். "அவன் சொன்னது நிஜம்டா" என்றார், மெதுவாக. ஒற்றை எழுத்தையும் ஆப் ஏற்கும்படி சரிசெய்ய ஒரே வரிதான் ஆனது. அதுதான் கடுப்பு.

ஜெயித்துவிட்டாய். என் முதுகில் ஒரு குத்து விட்டிருப்பாய். இப்போதெல்லாம் டெஸ்ட் எல்லாம் பாஸ் என்று வந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. யாரைச் சேர்க்காமல் விட்டேன் என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன்.