ரோஜா இதழ் ஐஸ்

ஞாயிறு இரவு, ராயபுரம்

என் மகள் ஜெயாவைப் பெண் பார்க்க மாதவரத்திலிருந்து வந்துவிட்டுப் போனார்கள். கால் கடுக்கிறது. தூக்கம் வரவில்லை.

எலுமிச்சை ஜூஸில் போடுவதற்கென்று பன்னீர் ரோஜா இதழ் வைத்து நேற்றே ஐஸ் உறைய வைத்திருந்தேன். தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆறவைத்து ஊற்றினால் தெளிவாக வரும் என்று ஜெயாதான் போனில் பார்த்துச் சொன்னாள். கண்ணாடி மாதிரியே வந்தது. ஃப்ரீசரில் எப்போதும் கிடக்கும் மீனையெல்லாம் எடுத்துவிட்டு, சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ட்ரேயை உள்ளே வைத்தேன்.

பையனின் அம்மா தம்ளரைத் தூக்கிப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். ஒரு வாய் குடித்தார். தொண்டை சரியில்லை என்று கீழே வைத்துவிட்டார். பையனும் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை.

அவர்கள் போனதும் அந்தத் தம்ளரை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "கவுச்சி அடிக்குதா பாரு."

கடலுக்குப் போகிற லாஞ்சில் மீனோடு கிடக்கிற மனுஷன். மொத்தத்தையும் குடித்துவிட்டு, "அதெல்லாம் இல்ல, நல்லாத்தான் கீது" என்றார்.

ஜெயா புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "நானும் குட்ச்சிப் பாத்தேம்மா. ஒண்ணும் தெரியல. நமக்கு எப்டிம்மா தெரியும்?"

இப்போது மிச்சமிருந்த ஒரு கட்டியை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். கரைந்து, இதழ் மட்டும் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. எனக்கு ரோஜா வாசனைதான் வருகிறது.